ஆர் ஓட்டினாலும் ஓடும்

என் அத்தான் செல்லத்தம்பிக்குக் குடி இல்லை, சூது இல்லை, வெற்றிலைகூட இல்லை. பொறாமை மட்டும் உண்டு. அதையும் எல்லா விசயத்திலும் காட்ட மாட்டார். பக்கத்து வீட்டுக்காரர் மேல்மாடி கட்டியபோது கூட நின்று சீமெந்து குழைத்துக் கொடுத்தவர். சொந்தக்காரப் பிள்ளைகள் கனடா போனபோது கட்டுநாயக்கா விமான நிலையம் வரை போய் அழுதுவிட்டு வந்தவர். ஆனால் இயந்திரம் ஒன்றை வேறொருவர் நன்றாக ஓட்டுகிறார் என்று காதில் விழுந்தால் போதும், அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அவர் படலைக்குள் கால் வைக்கும்போதே என் அக்கா யோகமலர் முகத்தைப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு ஆர் உங்களைவிடக் கெட்டிக்காரன்?" என்று கேட்பாள்.

குச்சவெளியில் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் ஐஸ் பெக்டரியை இருபது வருடத்துக்கு மேலாக ஓட்டுகிறவர் அவர். நான் அந்தச் சங்கத்தின் செயலாளர். ஆகவே வீட்டில் மைத்துனன் என்றும் வேலையில் மேலாள் என்றும் இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குகிறவன். சங்கத்தின் பழைய இயந்திரம் அத்தான் ஓட்டினால்தான் ஓடும். எங்கே தட்டினால் அடங்கும், எந்த வால்வை எவ்வளவு திருகினால் மூச்சு விடும் என்பதெல்லாம் அவருக்கு மட்டும் தெரியும். ஒருவருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. கேட்டால், "அது சொல்லித் தெரியிற விசயமில்லை" என்பார். சொல்ல விருப்பமில்லை என்பதுதான் விசயம்.

எங்கள் பக்கத்தில் கச்சான் என்றொரு காற்று உண்டு. வைகாசியில் தொடங்கினால் ஆவணி வரை, மேற்கே காட்டையும் வயலையும் காய்ச்சிக்கொண்டு வந்து மத்தியானத்தில் முகத்தில் அடிக்கும். கொடியில் போட்ட சாரம் திரும்பிப் பார்க்குமுன் காய்ந்துவிடும். அந்த மாதங்களில்தான் எங்கள் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், படகுகள் நிறைய மீனோடு வரும், ஐஸுக்கு ஆட்கள் அடிபடுவார்கள். அந்த மாதங்களில்தான் இயந்திரமும் சூடேறி, மூச்சு வாங்கி இழுக்கும். அதனால் கச்சான் காலத்தில் அத்தான் பெக்டரியை விட்டு அசையமாட்டார். மகள் பிரியங்கினி பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு அவர் வரவில்லை. அவளுடைய கலியாணத்துக்குத் தாலி கட்டுகிற நேரம் வந்து, பந்தி போடுமுன் போய்விட்டார். அவள் இப்போது மட்டக்களப்பில் இருக்கிறாள். அவள் வீட்டில் அவர் ஒரு இரவுகூடத் தங்கியதில்லை. அக்கா இதைச் சொல்லிச் சொல்லியே நரைத்தவள்.

இதற்கெல்லாம் அவருக்குக் கிடைத்த மரியாதை ஒரு மீன். காலையில் முதலில் கரைக்கு வரும் படகு ஐஸ்காரருக்கென்று நல்ல மீனாக ஒன்றை எடுத்து, பெக்டரி வாசல்படியில் பூவரசமிலை போட்டு வைத்துவிட்டுப் போகும். யார் தொடங்கிய வழக்கமோ தெரியாது. சம்பளம் பிந்தினால் அத்தான் வாய் திறக்கமாட்டார். மீன் பிந்தினால் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பார்.

பழைய இயந்திரத்தால் இனி ஏலாது என்றான பிறகு, உதவி நிறுவனம் ஒன்றின் தயவில் புதியது எடுக்கத் தீர்மானித்தோம். கொழும்புக் கம்பனி ஒன்றின் ஆளாக மூதூர்க்காரர் முனாப் வந்தார். சிரித்த முகம், இனிமையான பேச்சு. ஒப்பந்தத்தைக் கையோடு கொண்டு வந்திருந்தார். எங்களை விட்டிருந்தால் தேத்தண்ணி ஆறுமுன் கையெழுத்து வைத்திருப்போம். இப்படியான ஒப்பந்தம் பார்க்கத் தெரிந்த ஒருவருக்குக் காட்டாமல் வைக்கக்கூடாது என்று உதவி நிறுவனம் சொல்லிவிட்டது. அப்படித்தான் டவுனில் ஓர்ஸ் ஹில்லில் இருந்து சிவானுஜா வந்தார். முப்பது வயது இருக்கும். மின்நிலையங்களிலும் ஆலைகளிலும் புதிதாகப் பொருத்துகிற இயந்திரம் விற்றவர் சொன்னபடி ஓடுகிறதா என்று சோதித்துப் பார்ப்பது அவருடைய தொழில்.

சங்கக் காரியாலயத்தில் மின்விசிறிக்குக் கீழே இருந்து வாசித்துக்கொண்டு போனவர் ஒரு பக்கத்தில் நிறுத்தினார்.

"முனாப், சோதனை எப்ப?"

"பூட்டி முடிஞ்ச கிழமையே மிஸ். மார்கழியில."

"மார்கழி மழைக்க ஓடிக் காட்டி என்ன பிரயோசனம்? அப்ப கடலுக்கும் ஒருத்தரும் போறேல்ல, ஐஸும் ஒருத்தருக்கும் தேவையில்லை."

முனாப் சிரித்தார். "எல்லா இடத்திலயும் இப்பிடித்தான் மிஸ் எழுதுற."

"இங்க கச்சானுக்க செய்வம்" என்றார் சிவானுஜா.

பிறகு எங்களுக்கு விளங்கப்படுத்தினார். நாளுக்கு இருநூறு ஐஸ்கட்டி தரும் என்று கம்பனி உத்தரவாதம் எழுதுகிறது. எந்த வெக்கையில், யார் ஓட்டினால் என்று சேர்த்து எழுதாவிட்டால் அந்த உத்தரவாதத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே அவர் எழுதியது இது: சோதனை கச்சான் காலத்தில், தொடர்ந்து மூன்று நாள். இயந்திரத்தோடு வரும் கைநூலில் உள்ளதைத் தவிர யாரும் எதுவும் செய்யக்கூடாது. செய்தால், செய்தது எந்தப் பக்கத்து ஆளானாலும், அந்தச் சோதனை செல்லாது, திரும்ப நடத்தவேண்டும். கட்டி குறைந்தால் கம்பனி தன் செலவில் திருத்தித் தரவேண்டும். நிறைந்தால் நாங்கள் ஏற்றுக் கையெழுத்து வைக்கவேண்டும். வைத்த பிறகு, அடுத்த கச்சானில் அது இழுத்தாலும் படுத்தாலும் எங்கள் பாடு.

கடைசியாக அத்தான் பக்கம் திரும்பினார். "அண்ணை, சோதனை நாளில நீங்கள்தான் ஓட்டோணும். ஆனா உங்கட கைவேலை ஒண்டும் காட்டக்கூடாது. நேற்று வேலைக்குச் சேர்ந்த ஒரு ஆள் மாதிரி ஓட்டோணும்."

அத்தான் தலையாட்டினார். வீட்டுக்குச் சேர்ந்து நடந்து வந்தோம். படலையில் கை வைத்ததும் நின்று, "நேற்றுச் சேர்ந்த ஆளோ நான்?" என்றார். அதற்குப் பிறகு அவர் வாயில் சிவானுஜாவுக்குப் பெயர் இல்லை, 'மிஸ்' மட்டும்தான். முனாப்பும் மிஸ் என்றுதான் சொன்னார். அத்தான் சொல்லும்போது அதில் புளி இருக்கும்.

மார்கழியில் பொருத்திய இயந்திரம் மழைக்குள் அழகாக ஓடியது. ஆனியில் கச்சான் பிடித்ததும் சிவானுஜா தன் கருவிகளோடு கடற்கரை வீதி பஸ்ஸில் வந்து இறங்கினார். கம்பனிக்காக முனாப் வந்தார்.

முதல் நாள் காலை முதலில் கரைக்கு வந்தது சரீப்பின் படகு. நல்ல பாரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாசல்படியில் வைப்பார் என்று அத்தான் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் படியைத் தாண்டி நேரே உள்ளே போய், "மிஸ், இது உங்களுக்கு. எங்களுக்காக வந்து வெயில்ல கிடக்கிறீங்க" என்று நீட்டினார்.

"ஐயோ, அண்ணைக்குக் குடுங்கோ."

"அவருக்கு எப்பவும் குடுக்கிறதானே" என்றார் சரீப்.

அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் நின்ற முனாப் மெல்ல, "இந்த மெஷினுக்கும் உங்கட கைதான் அண்ணன் வேணும். வாசிச்சுப் பாத்து ஐஸ் வருமா?" என்றார். முனாப் தன் கம்பனி வேலையைச் செய்தார், அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கதை விழவேண்டிய இடத்தில் போய் விழுந்தது.

பிறகு எல்லாமே அத்தானுக்குக் குத்தியது. சங்கத் தலைவர் தன் கதிரையை அந்தப் பெண்ணுக்கு இழுத்துப் போட்டார். இத்தனை வருடமும் அத்தான் குந்தியிருந்தது கவிழ்த்த மீன்பெட்டியில். மத்தியானச் சாப்பாடு எங்கள் எல்லாருக்கும் அக்கா வீட்டில். கணவாய்க் கறியில் பெரிய துண்டெல்லாம் அந்தப் பிள்ளைக்கென்று எடுத்து வைத்தாள் அக்கா. "எவ்வளவு படிச்ச பிள்ளை, என்ன அடக்கம்" என்று வேறு சொன்னாள். இரவு மிஞ்சிய சொதியோடு சோற்றைப் பிசைந்தபடி அத்தான், "மிஸ்ஸைக் கூப்பிட்டு வீட்டிலயே வைச்சிருங்கோவன்" என்றார்.

சிவானுஜா ஒன்றும் தெரியாதவராக இருந்திருந்தால் அத்தானுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தெரிந்தவராக இருந்தார். கம்பிரசரின் சத்தம் கொஞ்சம் மாறியபோது அத்தான் தலை நிமிர்த்தினார். அதே நேரம் மறுபக்கத்தில் அந்தப் பெண்ணும் தலை நிமிர்த்தினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இருபது வருடமாகத் தன் காதுக்கு மட்டும் கேட்ட ஒன்று இன்னொருவருக்கும் கேட்கிறது என்பதை அத்தானால் தாங்க முடியவில்லை.

புது இயந்திரத்துக்குப் பின்னால், வெளிச்சுவரோடு, கண்டன்சர் இருக்கிறது. ஏசி பூட்டிய வீடுகளுக்கு வெளியே தொங்கும் பெட்டியைப் பெரிதாக்கி நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எடுத்த சூட்டை வெளியே தள்ளுவது அதன் வேலை. கச்சான் நேரே அதன் முகத்தில் அடிக்கும். கம்பனி அதைச் சற்றுச் சின்னதாகக் கொடுத்துவிட்டது. மழைக்கு அது போதும், கச்சானுக்குக் காணாது. சிவானுஜாவுக்கு முதலே அந்தச் சந்தேகம் இருந்தது. அத்தானுக்கு முதல் நாள் மத்தியானமே தெரிந்துவிட்டது. நாங்கள் எல்லாரும் சாப்பிடப் போன நேரம், "நான் பிறகு சாப்பிடுறன்" என்று நின்றவர், கிணற்று மோட்டரைப் போட்டு, ஹோஸ் பைப்பை இழுத்துக்கொண்டு போய்க் கண்டன்சரைக் குளிப்பாட்டினார். சூடு இறங்கியது, சத்தம் இளகியது, இயந்திரம் மார்கழியில் ஓடுவது போல ஓடியது. நாங்கள் திரும்பி வரும்போது சீமெந்துத் தரை காய்ந்து கிடந்தது. கச்சான் காற்றில் அந்த ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும்?

ஏன் செய்தார் என்று கேட்பீர்கள். கட்டி குறைந்தால் சங்கத்துக்குத்தான் நல்லது, கம்பனி திருத்தித் தரும் என்று அவருக்கும் தெரியும். ஆவணியில் அந்தக் கிணற்றில் ஐஸ் போடவே தண்ணீர் காணாது, கண்டன்சரைக் குளிப்பாட்ட எங்கே போவது என்பதும் தெரியும். ஆனால் கட்டி குறைந்தால் மிஸ் சந்தேகப்பட்டது சரி என்றாகிவிடும். செல்லத்தம்பியின் கையில் ஒரு மெஷின் படுத்தது என்று ஊரும் சொல்லும். இரண்டையும் விழுங்க அவருக்குத் தொண்டை இல்லை.

இரண்டாம் நாளும் அதே வேலை. சாப்பிட்டு வந்த சிவானுஜா தன் கருவியைப் பார்த்தார், கண்டன்சரைச் சுற்றி வந்தார், பிறகு அத்தானிடம் வந்தார்.

"அண்ணை, மத்தியானத்தில ஏதும் செய்தனீங்களோ?"

"நானோ? நேற்றுச் சேர்ந்த ஆள். எனக்கென்ன தெரியும்?"

மூன்றாம் நாள் பின்னேரம் கடைசிக் கட்டிகள் வெளியே வந்தன. ஒன்றும் குறையவில்லை. எல்லாம் நெஞ்சு நிறைந்த, வெள்ளை வெளேரென்ற கட்டிகள். முனாப் மேசையில் கடதாசியை விரித்தார். சங்கத் தலைவர் பேனாவைத் திறந்தார். அத்தான் மீன்பெட்டியில் குந்தியபடி அந்தப் பெண்ணின் முகம் தொங்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மூன்று நாளில் அத்தான் முகத்தில் நான் தெளிவைக் கண்டது அப்போதுதான்.

சிவானுஜா எழுந்து நின்றார். முகம் தொங்கவில்லை.

"எனக்குச் சந்தேகம் இருந்தது. கட்டி நிறைவா வந்திருக்கு. நல்ல மெஷின் எண்டுதான் சொல்லோணும்." பிறகு அத்தானைப் பார்த்து, மிக மரியாதையாக, "அண்ணைக்கும் இனி ஆறுதல். இதுக்குக் கைவேலை ஒண்டும் தேவையில்லை. ஆர் ஓட்டினாலும் ஓடும்" என்றார்.

"சரியாச் சொன்னீங்க மிஸ்" என்றார் முனாப். "ஆர் ஓட்டினாலும் ஓடும்."

அத்தான் முனாப்பையும் பார்த்தார், இயந்திரத்தையும் பார்த்தார். அதுவரை அந்தப் பெண்ணின் மேல் இருந்த பொறாமை அப்படியே திரும்பி இயந்திரத்தின் மேல் பாய்ந்ததை நான் கண்ணால் கண்டேன். வெயிலில் நின்று வெந்தவர் அவர், பெயர் எடுப்பது ஒரு இரும்புப் பெட்டியா?

"ஆர் ஓட்டினாலுமோ?" என்று எழும்பினார். "மூண்டு நாளும் மத்தியானத்தில பட்டினி கிடந்து தண்ணி அடிச்சது நான். நான் அடிக்காட்டி உங்கட நல்ல மெஷின் முதல் நாளே படுத்திருக்கும். ஆர் ஓட்டினாலும் ஓடுமாம். வாங்கோ, ஓட்டிக் காட்டுங்கோ பாப்பம்."

சங்கத் தலைவர் பேனாவை மூடினார். முனாப்பின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் அத்தானுக்கே தான் என்ன சொன்னோம் என்று விளங்கியது. சிவானுஜா மட்டும் திடுக்கிடவில்லை. "அப்ப சோதனை செல்லாது, முனாப்" என்று சொல்லிவிட்டுக் கருவிகளைத் திரும்ப எடுத்து வைத்தார்.

சங்கத்து ஆள் செய்த பிழைக்குக் கம்பனி எப்படிப் பொறுப்பு என்று முனாப் வாதாடிப் பார்த்தார். செய்தது எந்தப் பக்கத்து ஆளானாலும் என்று ஒப்பந்தத்தில் இருந்ததால் அந்தக் கதை எடுபடவில்லை. அடுத்த கிழமை சோதனை திரும்பத் தொடங்கியது.

இந்த முறை மத்தியானம் வந்ததும் சிவானுஜா சங்கத் தலைவரின் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு போய்க் கண்டன்சருக்குப் பக்கத்தில், சுவர் நிழலில் போட்டார். "அண்ணை, இதில இருங்கோ" என்றார். தான் மீன்பெட்டியில் இருந்தார். அக்கா இரண்டு பேருக்கும் சோற்றுப் பார்சல் கொடுத்துவிட்டாள். அத்தான் ஆசைப்பட்ட கதிரை அப்படித்தான் அவருக்குக் கிடைத்தது. கையை என்ன செய்வதென்று தெரியாமல் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்.

"இழுக்குது" என்றார்.

"ஓம், கேக்குது."

"கொஞ்சத் தண்ணி."

"வேண்டாம் அண்ணை."

அவர் எழும்பினார், இருந்தார், திரும்ப எழும்பினார். ஒருமுறை ஹோஸ் பைப் வரை போய்விட்டு வந்தார். ஊர்ப் பெண்கள் பிரசவ வாசலில் நிற்பது போல இருந்தது எனக்கு. முதல் நாள் கட்டிகளிலேயே நடுவில் உறையாத தண்ணீர் ஆடியது. எண்ணிக்கையும் குறைந்தது. சுற்றி நின்ற ஆட்கள், "மிஸ் சொன்னது சரி" என்று கதைத்தார்கள். அத்தான் உண்மையைச் சொன்னதால்தான் சங்கம் தப்பியது என்று ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அன்று பின்னேரம் சிவானுஜாவை பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் வரும்வரை நிற்கையில், "உங்களுக்கு உண்மையாவே தெரியாதோ?" என்று கேட்டேன்.

"முதல் நாளே தெரியும். கச்சான் உச்சத்தில நிக்கேக்க கண்டன்சர் குளிருது எண்டு கருவி காட்டினது. ஆனா ஈரம் இல்லை, கண்ட ஆள் இல்லை. கேட்டன், அண்ணை சொல்லேல்ல. அவரே எல்லாருக்கும் முன்னால சொல்லோணும், இல்லாட்டி முனாப் ஒத்துக்கொள்ள மாட்டார்."

"அதுக்காகவோ மெஷினைப் புகழ்ந்தனீங்கள்?"

"ஓம்." கொஞ்சம் சங்கடப்பட்டுத்தான் சொன்னார். "அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

நான் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் அவர் சோறு தின்ன ஒரு மாதம் பிடிக்கும்.

கம்பனி பெரிய கண்டன்சர் கொண்டுவந்து பூட்டியது. ஆவணியில், கச்சான் நிற்கும்போதே, கடைசிச் சோதனை. சாதாரண ஆள் ஒருவர் ஓட்டினால் நல்லது என்று சிவானுஜா கேட்க, காவல்காரர் அஸாமை நிறுத்தினோம். டோர்ச் லைட்டுக்குப் பற்றரி மாற்ற என்னைக் கூப்பிடுகிற மனிதர். கைநூலை எழுத்துக் கூட்டி வாசித்து வாசித்து ஓட்டினார். கட்டி ஒன்றும் குறையவில்லை. சங்கத் தலைவர் கையெழுத்து வைத்தார். அத்தான் அஸாமின் தோளில் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

இந்த வருடம் கச்சானுக்குள் பிரியங்கினிக்குப் பிள்ளை பிறந்தது. துடக்குக் கழிக்கிற முப்பத்தோராம் நாளுக்கு மட்டக்களப்புக்குப் போகவேண்டும் என்று அக்கா பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். "பெக்டரி" என்று அத்தான் வாயெடுத்தார். "அதுதான் ஆர் ஓட்டினாலும் ஓடுமே" என்றாள் அக்கா. அவர் எழும்பிப் போய்ச் சேர்ட்டை மாட்டினார். எது நடந்தாலும் உடனே தனக்குப் போனில் கோல் எடுக்கவேண்டும் என்று அஸாமுக்கும் எனக்கும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

ஒருவரும் எடுக்கவில்லை. எடுக்க ஒன்றும் நடக்கவில்லை. போய் மூன்றாம் நாள் அவரே எடுத்தார். நான் பெக்டரி வாசலில் நின்றேன்.

"சத்தம் எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு அத்தான்."

"கட்டி?"

"நிறைவா வருது."

"இழுக்கேல்லையோ? மத்தியானத்திலயும்?"

"இல்லை அத்தான். நீங்கள் ஆறுதலா நிண்டிட்டு வாங்கோ."

 அவர் பக்கத்தில் எங்கோ பிள்ளை அழுவதும் அக்கா ஆராட்டுவதும் கேட்டன.

"அஸாம் எனக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாம்" என்றார்.

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"மீன் வைச்சவங்களோ?"

வாசல்படியைப் பார்த்தேன். பூவரசமிலை கிடந்தது. அதில் இருந்த சீலா மீனை அஸாம் எடுத்துத் தன் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

"இல்லை அத்தான்" என்றேன். "நீங்கள் போன நாளில இருந்து ஒருத்தரும் வைக்கேல்ல."

"அப்பிடியோ" என்றார். குரல் தெளிந்துவிட்டது. "கொண்டா பிள்ளையை" என்று அவர் அக்காவிடம் கேட்பது எனக்குக் கேட்டது.